முப்பத்தோராவது கார்டு

அத்தியாயம் 14

காலை ஐந்தே முக்காலுக்குக் கார் காதை விரித்தது.

காது என்று நான் சொல்வது பக்கக் கண்ணாடிகளை. அந்த வீட்டில் எல்லாரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். மாடி அறையில் சின்னவன் சுவரோரமாகப் படுத்திருக்கிறான். அவன் போன் தலையணைக்கு அடியில். கார் அந்தச் சுவருக்கு நேர் கீழே நிற்கிறது. அவன் இந்தப் பக்கம் புரண்டால், முதலாளி வந்துவிட்டார் என்று கார் விழித்துக்கொண்டு காதை விரிக்கும், விளக்கைப் போடும். அந்தப் பக்கம் புரண்டால் டக்கென்று பூட்டிக்கொண்டு காதை மடக்கும். ராத்திரி முழுக்க இதே கூத்து.

கட்டிலை நாலடி நகர்த்திப் போட்டால் தீர்ந்தது. ஆனால் சின்னவனிடம் அதை யார் சொல்வது? அவனும் அவன் அண்ணனும் பேசிப் பத்து நாளாகிறது. தூங்குகிறவனுக்கோ கார் விழிப்பது தெரியாது. ஜன்னலோரம் படுக்கும் அண்ணிக்குத்தான் டக், டக் என்று தூக்கம் போகிறது.

அவளுக்குப் பேர் இல்லாமலா இருக்கும். இந்தக் கதை தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் அவளை அண்ணி என்றே கூப்பிடுகிறார்கள், கடிதம் போடுகிற நீங்களும் அப்படியே எழுதுகிறீர்கள், நானும் விட்டுவிட்டேன். ஸ்கேன் சென்டரில் பதினோரு வருஷமாக வேலை. மனிதர்களைப் பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து உள்ளே தள்ளி, ஆடாமல் அசையாமல் இருங்கள் என்று சொல்கிறவள். அவள் வீட்டுக்காரர், அதாவது அண்ணன், கிரேன் ஓட்டுகிறார். பதினெட்டு மாடிக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குகிற வேலை. தம்பி சின்னவன் லிஃப்ட் மெக்கானிக், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இந்த மூவரையும் மேய்ப்பவர் மாமியார். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். பெண்டாட்டி, பிள்ளைகள், சம்பளம், சாப்பாடு, எதைச் சொன்னாலும் விடைத்தாள் திருத்துகிற முகம்தான்.

கார் வந்த அன்று நடந்தது போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்கு ஒரு வரி. "முதல்ல எந்த போனை இணைக்கணும்?" என்று ஷோரூம்காரர் கேட்டபோது, வீடே காரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. யார் கையிலும் போன் சும்மா இல்லை. சின்னவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் போனை வாங்கி இணைத்துவிட்டார். முதலில் இணைகிற போன்தான் காருக்கு முதலாளி. மற்ற சாவியைச் சேர்ப்பது, நீக்குவது, கட்டுப்பாடு போடுவது எல்லாம் அந்தப் போனுக்குத்தான் முடியும். பணம் கட்டியது அண்ணன், கடன் கேட்டு அலைந்தது அண்ணி, முதலாளி ஆனது சும்மா நின்ற சின்னவன்.

அப்புறம் சாவிச் சண்டை. காரோடு வந்தது மூன்று வழி. போன், கார்டு, ஃபோப் என்கிற கையடக்கமான பொத்தான் சாவி. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்ட கதைதான். போன் என்றால் சார்ஜ் போனால் நடுத்தெருவில் நிற்க வேண்டும். ஃபோப் என்றால் பொத்தான் எங்காவது பட்டு டிக்கி தானாகத் திறந்துகொள்ளும். கார்டு என்றால் இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள கம்பத்தில் வைத்துத் தொட்டால்தான் திறக்கும். அப்புறம் அதையே உள்ளே கை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஓடும்.

வேலைக்கு மேலே ஏறும்போது அண்ணன் போனைக் கீழே காவலறையில் கொடுத்துவிட வேண்டும். அது சட்டம். அதனால் ஃபோப் அவருக்கு. அண்ணியின் போன் அரதப் பழசு, காரோடு பேசுகிற செயலி அதில் ஏறவே மாட்டேன் என்றது. அதனால் கார்டு அவளுக்கு. கறுப்பாக, பேரில்லாமல், ஊரில்லாமல், ஓட்டல் அறைக்குக் கொடுப்பார்களே அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு.

அதில்கூட ஒரு நிபந்தனை. அண்ணிக்கு லைசென்ஸ் நேற்றுதான் கைக்கு வந்தது. டீச்சரம்மா தீர்ப்புச் சொன்னார்: "ஒரு வாரம் பார்க்கலாம். அதுக்குள்ள ஒரு கீறல், ஒரு தொலைச்சல், ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பழையபடி பஸ்."

பதினாறு வருஷமாக அண்ணி பஸ்ஸில் போகிறாள். இல்லை என்றால் யாராவது கொண்டுபோய் விட வேண்டும். எங்கே போனாலும், எத்தனை மணிக்கு வருவாய், யார் வந்து கூட்டிக்கொண்டு வருவது என்ற விசாரணை. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போக ஒரு சாவி. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அது ஒரு வாரத் தவணையில் கிடைத்திருக்கிறது.

இன்றைக்கு முதல் நாள்.

போகும்போது ஒரு தப்பும் நடக்கவில்லை. கம்பத்தில் கார்டை வைத்தாள், திறந்தது. உள்ளே வைத்தாள், ஓடியது. இரண்டு இடத்தில் பின்னால் வந்தவன் ஒலிப்பானை அமுக்கினான். அமுக்கட்டும். சென்டர் வாசலில் காரை நிறுத்தி இறங்கியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, வாட்ச்மேன் பார்க்கப் பார்க்கத் தனியாகச் சிரித்துக்கொண்டாள். கார்டைச் சீருடைப் பையில் போட்டாள்.

வம்பு அங்கேதான்.

காந்த அறைக்குள் கார்டு, போன், சாவி, சில்லறை எதுவும் போகக் கூடாது. ஒரு நாளைக்கு இருபது தடவை இதை மற்றவர்களுக்குச் சொல்கிறவள் அவள்தான். நோயாளிகள் தங்கள் சாமான்களை லாக்கரில் வைத்துப் பூட்டுவதற்கு சென்டர் ஒரு கார்டு கொடுக்கும். முப்பது லாக்கர், முப்பது கார்டு. எல்லாம் கறுப்பு. எண் ஒட்டிய ஸ்டிக்கர்கள் கிருமிநாசினி துடைத்துத் துடைத்தே உரிந்து போய்விட்டன. அறை வாசலில் அந்தக் கார்டை வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஸ்கேன் முடிந்து லாக்கரைத் திறந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள், அண்ணி வாங்கி மேஜை மேலிருக்கிற கூடையில் போடுவாள், கவுன்ட்டர் பெண் அதிலிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பாள். பதினோரு வருஷம்.

இன்றைக்கும் அறைக்குள் போகும்முன் பையில் கையை விட்டாள். கறுப்புக் கார்டு வந்தது. கை அதைக் கூடையில் போட்டது. அவள் போடவில்லை, கைதான் போட்டது. அப்புறம் முழங்கால் வலியோடு வந்த ஒருவரைப் படுக்கவைக்கப் போய்விட்டாள்.

இது நடந்தது ஒன்பது ஐந்துக்கு. அவளுக்கு உறைத்தது ஒரு மணிக்கு, சாப்பாட்டுப் பையைக் காரிலேயே விட்டுவிட்டோமே என்று எடுக்கக் கிளம்பியபோது. சீருடைப் பை காலி. கைப்பை காலி. கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினாள், அப்போதும் காலி. மெதுவாகத் திரும்பிக் கூடையைப் பார்த்தாள். கூடை நிறையக் கறுப்பு.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அண்ணன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள் அண்ணி. பொய்.

கார் நல்லபடியாகப் போனதா என்று கேட்டார். போனது என்றாள். பார்த்து வா என்றார். சரி என்றாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, இவள் நோயாளி காத்திருக்கிறார் என்று வைத்துவிட்டாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆளே இல்லை அவர், போன் காவலறையில் அல்லவா இருக்கும். இதெல்லாம் யோசிக்கிற நிலையில் அண்ணி இல்லை. தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரோ என்றுதான் நினைத்தாள்.

கூடையில் இருந்ததை எல்லாம் ஒரு கவரில் அள்ளிக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்கு ஓடினாள்.

ஒரு கார்டை எடுத்துக் கம்பத்தில் வைத்தாள். ஒன்றும் இல்லை. அடுத்தது. ஒன்றும் இல்லை. சரியாகப் படவில்லையோ என்று கொஞ்சம் மேலே வைத்தாள், கொஞ்சம் கீழே வைத்தாள், திருப்பி வைத்தாள். ஆக ஒரு கார்டுக்கு நாலு தடவை. வெயில் மண்டையைப் பிளந்தது. கண்ணாடிக்கு உள்ளே, பக்கத்து இருக்கையில், அவள் சாப்பாட்டுப் பை சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

எட்டாவது கார்டில் வாட்ச்மேன் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இது யாருடைய கார் என்று கேட்டார்.

"என்னுதுதான்."

"உங்களுதுன்னா ஏம்மா இத்தனை சாவி?"

காலையில் இவர்தானே அவளுக்குக் கை காட்டி இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அதைச் சொன்னாள். காலையில் வந்தது சிரித்த முகம், இது வேறு முகமாக இருக்கிறதே என்றார் அவர். தப்பு சொல்ல முடியாது.

இருபத்தாறு கார்டையும் வைத்துப் பார்த்தாயிற்று. கார் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. மீதி நாலு, உள்ளே இருக்கும் நோயாளிகளிடம். அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வர, கார்டைத் திருப்பி வாங்கி, அடுத்த ஆளைப் படுக்கவைத்து, நடுவில் கிடைக்கிற மூன்று நிமிஷத்தில் வெளியே ஓடி, தொட்டுப் பார்த்து, ஓடி வந்து. நாலு கார்டுக்கு நாலு ஓட்டம். கடைசி ஓட்டம் முடியும்போது மணி இரண்டே முக்கால்.

எனக்கே எழுத எரிச்சலாக இருக்கிறது. லாக்கர் கார்டு மொத்தம் முப்பது, அவளுடையது முப்பத்தொன்று. கூடையில் இருபத்தாறு, வெளியே நாலு. எண்ணியிருந்தாலே போதும், தன்னுடையது அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். கணக்கு டீச்சர் வீட்டு மருமகள். ஆனால் அந்தப் பதற்றத்தில் யார் எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள், சொல்லுங்கள்.

கடைசியில் கவுன்ட்டர் பெண்ணிடம் போய், காலையில் யாராவது லாக்கர் பூட்டவில்லை என்று சொன்னார்களா என்று கேட்டாள்.

"ஆமாக்கா. பத்தரை மணி இருக்கும். தோள்பட்டை ஸ்கேனுக்கு வந்தாரே ஒருத்தர், கார்டு வேலை செய்யலைன்னார். வேற குடுத்துட்டேன்."

"அந்தக் கார்டு எங்கே?"

"நீங்க சொன்ன மாதிரியே வெட்டிப் போட்டுட்டேன்கா."

கவுன்ட்டருக்குப் பின்சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வேலை செய்யாத கார்டை உடனே இரண்டாக வெட்டவும். 'உடனே'வுக்கு அடியில் இரண்டு கோடு. எழுத்து அண்ணியுடையது. போன வருஷம் பழுதான கார்டு ஒன்று திரும்பத் திரும்பக் கூடைக்கு வந்து, ஒரு பெரிய மனிதர் சென்டர் கொடுத்த அங்கியோடு இரண்டு மணி நேரம் லாக்கர் முன்னால் நின்றார். அன்றைக்கு அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, அவளே எழுதி அவளே ஒட்டிய சட்டம். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

குப்பைக்கூடையைக் கிளறி இரண்டு துண்டையும் எடுத்தாள். நல்ல நேர்க்கோடாக வெட்டியிருந்தாள் அந்தப் பெண். ஒட்டிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

முதல் நாள். முதல் நாளே தொலைச்சல். மாமியார் ஒன்றும் கத்த மாட்டார், அதுதான் கொடுமை. "சரி, விடு" என்பார். பஸ் நேரம் எழுதிய பழைய தாளை எடுத்துச் சமையலறைச் சுவரில் மறுபடி ஒட்டுவார். அண்ணன் ஒரு வார்த்தை பேச மாட்டார். நாற்பத்தொரு வயதில் திட்டு வாங்கித் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட டிரைவிங் அத்தோடு முடிந்தது. அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, அழுகை அல்ல, ஆத்திரம்.

மூன்று மணிக்குச் சின்னவன் கூப்பிட்டான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. காருக்கு என்ன, தடவிக் குடுக்கறீங்களா?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். காரின் காவல் கேமரா, பக்கத்தில் யாராவது வந்து நின்று நோண்டினால் முதலாளியின் போனுக்கு வீடியோப் படம் அனுப்புமாம். மத்தியானத்திலிருந்து ஐந்து படம் வந்திருக்கிறது. முதல் படத்தில் அண்ணி இருபது நிமிஷம் கவரிலிருந்து எதையோ எடுத்து எடுத்துக் காரின் விலாவில் வைக்கிறாள், பக்கத்தில் வாட்ச்மேன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். மற்ற நாலிலும் ஓடி வருகிறாள், வைக்கிறாள், ஓடிப் போகிறாள். ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து இவன் அத்தனையும் பார்த்திருக்கிறான்.

"பார்த்துட்டு இவ்வளவு நேரம் சும்மாவா இருந்தே?"

"நீங்களா கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன் அண்ணி. கேட்டா கோவிச்சுக்குவீங்களோன்னு."

கார்டு போன கதையைச் சொன்னாள். சுவரில் ஒட்டிய தாளையும் சேர்த்தே சொன்னாள், மறைத்து என்ன ஆகப் போகிறது. அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. நல்ல பிள்ளை, அடக்கிவிட்டான். தன் போனிலிருந்தே கதவைத் திறந்துவிடுவதாகச் சொன்னான். ஓட்டவும் விடுவான். ஆனால் அவன் அனுமதி கொடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் பிரேக்கை மிதித்துக் கிளம்பிவிட வேண்டும், வழியில் எங்கேயும் இறங்கக் கூடாது. செத்துப்போன கார்டின் பேரை நீக்கிவிட்டு, ஒரு வாரத்தில் வேறு கார்டு வாங்கிச் சேர்த்துவிடலாம். வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

அண்ணிக்கு உயிர் வந்தது. ஆனால் வாய் சும்மா இருக்க வேண்டுமே. இவ்வளவு நல்லவனாக இருக்கிறாயே, உன் அண்ணனிடம் மட்டும் ஏன் இந்த வீம்பு, போன்தான் உசத்தி, ஃபோப்தான் உசத்தி என்பதற்கெல்லாம் ஒரு சண்டையா, பத்து நாளா பேசாமல் இருப்பார்களா என்று ஆரம்பித்தாள்.

சின்னவன் குறுக்கிட்டான்.

"சண்டை அதுக்கில்ல அண்ணி. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். கார் வந்த மறுநாள் அண்ணன் மாடிக்கு வந்தாரு. 'ஒரு சாவிக்கு மட்டும் வேகத்தை நாப்பதுல கட்டிப் போட முடியுமா, மத்தவங்களுக்குத் தெரியாம'ன்னு கேட்டாரு. எந்தச் சாவின்னு சொல்லலை. சொல்லணுமா என்ன? அவரு இருபது வருஷமா வண்டி ஓட்டறாரு, நானும் ஓட்டறேன். புதுசா ஓட்டப் போறது நீங்க ஒருத்தர்தான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். அண்ணிக்குத் தெரியாம அண்ணி கால்ல கயிறு கட்டச் சொல்றியா, அவங்க என்ன ஆடா மாடான்னு கத்திட்டேன். ஒரு வார்த்தை பதில் சொல்லாம இறங்கிப் போயிட்டாரு. அன்னையிலிருந்து பேச்சு இல்ல."

அண்ணி கையிலிருந்த இரண்டு துண்டையும் குப்பையில் போட்டாள்.

நாலு மணிக்கு அவன் திறந்துவிட்டான், அவள் கிளம்பினாள். காலையில் ஓட்டியவள் வேறு, இப்போது ஓட்டியவள் வேறு. ஆளில்லாத நேர்ச்சாலையில் வேண்டுமென்றே ஐம்பத்தைந்தில் போனாள். போட்டுக்கொள், இதற்கு ஒரு கட்டுப் போடு என்று பல்லைக் கடித்தாள்.

யோசிக்க யோசிக்கக் கொதித்தது. இரண்டு மாதம் முன்பு, நீ வண்டி ஓட்டக் கற்றுக்கொள் என்று திடீரென்று வந்து நின்றவரே அவர்தான். அவள் கேட்கக்கூட இல்லை. கடன் வாங்கியாவது கார் வாங்குவோம் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான். வாங்கிப் பதினோரு நாளாயிற்று, ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. கேட்டால் அலுப்பாக இருக்கிறது என்பார், தூசி படும் என்பார். ஊருக்கு முன்னால் பெண்டாட்டிக்கு ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற பெரிய மனசு, வீட்டுக்குள் கால்கட்டு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மனுஷன்.

கார்டு தொலைந்ததை மறைக்கலாம் என்ற எண்ணம் பாதி வழியிலேயே போய்விட்டது. மறைக்கிற வேலை இனி இந்த வீட்டில் நடக்காது. தானே சொல்வது, சொல்லிவிட்டு ஒரு பிடி பிடிப்பது.

வீட்டுக் கேட்டில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மணி நாலரைதான், அவருக்கு வேலை முடிய இன்னும் அரை மணி இருக்கிறது. அதையும் அவள் கவனிக்கவில்லை. காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"கார்டு போச்சு. நான்தான் தொலைச்சேன், முதல் நாளே தொலைச்சேன். உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். பஸ்ல போகணும்னா போறேன். ஆனா நாப்பதுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு நினைச்சா அதை என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. தம்பிகிட்ட போயி திருட்டுத்தனமா கட்டு போடச் சொல்றீங்களே, நான் உங்களுக்கு என்ன பண்ணிட்டேன்?"

அண்ணன் கேட்டைச் சாத்தினார். கொக்கியை மாட்டினார். அதை மாட்ட அவருக்கு இரண்டு தடவை பிடித்தது.

"அது உன் கார்டுக்கு இல்ல" என்றார்.

"பின்ன யாருக்கு? வீட்டுல இருக்கறதே மூணு சாவி."

"என்னோடதுக்கு."

அவள் கார்க் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் வந்தாள்.

அவர் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு மாதம் முன்பு, மேலே கூண்டில் இருக்கும்போது, வலது கண் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இறங்கியது. ஒரு நிமிஷம்கூட இல்லை, தெளிந்துவிட்டது. அலுப்பு என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் இன்னொரு தடவை. கார் வந்த அன்று காலையில் மூன்றாவது தடவை, இரும்புக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே ஆறு பேர். கையும் கொஞ்சம் மரத்தது. இறக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தவர், அப்புறம் ஏறவே இல்லை. பத்து நாளாகத் தரையில் நின்று கொடி காட்டுகிற வேலை. முதுகுவலி என்று சொல்லி வாங்கிக்கொண்டாராம்.

"ஓட்ட மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு சொன்னா அம்மா படுத்துடுவாங்க. தட்ட முடியாம என்னைக்காவது எடுக்க வேண்டி வந்தா, மெதுவாவாவது போகட்டும்னுதான் கேட்டேன். அவன் உனக்குன்னு நினைச்சுக்கிட்டுக் கத்தினான். எனக்குன்னு சொல்ல வாய் வரலை. பயமா இருந்துச்சு."

பதினாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை.

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தது. மத்தியானம் கூப்பிட்டது இதைச் சொல்லத்தானாம். தினமும் அவள் கையில் இருபது வருகிற தாள் அது. தலை ஸ்கேன். மேலே அவர் பேர், வயசு நாற்பத்தெட்டு. இடம், அவளுடைய சென்டர். தேதி ஆறு நாளைக்கு முந்தியது.

"ஆறு நாளா பையிலேயே வெச்சிருக்கீங்களா?"

"நாளைக்குப் போலாம்னு..."

அண்ணிக்கு அந்த நிமிஷம் அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. அறைகிற பக்கம்தான் கொஞ்சம் கூடுதல். அவளுக்குத் தெரியும், அந்தத் தாளோடு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டு போவார்கள். மீதிப் பாதியையும் அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையில் முதலில் பார்க்கிறவள் அவள். வெளியே வருகிறவர் முகத்தைப் பார்க்காமல், டாக்டர் சொல்வார் என்று சொல்லிப் பழகியவள்.

அண்ணன் கால்சட்டைப் பையில் கையை விட்டு ஃபோபை எடுத்தார்.

"இதையும் நீயே வெச்சுக்க. எனக்கு இனிமே வேணாம்."

அவள் அதைப் பிடுங்கின மாதிரி வாங்கினாள். யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போக ஒரு சாவி. கேட்டு அழுததற்கு இப்படியா கிடைக்க வேண்டும்.

"நாளைக்கு என்ன நாளைக்கு. மிஷின் ஆறு மணி வரைக்கும் ஓடும். ஏறுங்க."

"இப்பவா? நீ இப்பதானே வந்தே. சாப்பிட்டியா?"

"ஏறுங்கன்னு சொன்னேன்."

அவர் வழக்கம்போல ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்குப் போனார். கை வைத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். இருக்கையில் கிடந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெல்ட்டின் கொக்கி அவர் கையில் நிற்கவில்லை. அண்ணி கேட்டைத் திறந்துவிட்டு வந்து, குனிந்து மாட்டிவிட்டாள்.

கார் கேட்டைத் தாண்டும்போது டீச்சரம்மா ஜன்னலுக்கு வந்து, வந்ததும் வராததுமாக ரெண்டு பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். அண்ணி காரைச் சென்டர் பக்கம் திருப்பினாள்.